பந்து எழும்புவது ஆக்சிஜனுக்குச் சான்றாகாது: மாவட்ட சுகாதார நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தின் சுகாதார நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், மருத்துவக் கருவிகளைக் கொள்முதல் செய்யும் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது விலைக்கு வாங்கியும் நன்கொடையாகப் பெற்றும் கிடங்கில் வைத்திருக்கும் ஆக்சிஜன் செறிவூட்டிகளை இந்த மாத இறுதிக்குள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், அவற்றின் வழியே வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைச் சென்ற வாரம் படித்தேன். கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை என்று அதில் மூன்றே வரிகள் இருக்கின்றன. கருவி இயங்க வேண்டும். காற்றோட்டத்தைக் காட்டும் ஃப்ளோ மீட்டரில் பந்து எழும்ப வேண்டும். எச்சரிக்கை ஒலி எழக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத் தொழில்நுட்பர் வந்து ஆக்சிஜனின் செறிவை அளந்து பதிவேட்டில் எழுதிவந்த முறை, செலவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. செறிவூட்டி வந்து சேர்ந்த நிலையங்களிலிருந்து சிலிண்டர்களைத் திரும்பப் பெறவும் அதே சுற்றறிக்கை உத்தரவிடுகிறது.

நான் 29 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தாயை நான்கு ஆண்டுகள் இந்தக் கருவியின் துணையோடு வீட்டில் வைத்துப் பராமரித்தவள். தாங்கள் குறிப்பிடும் மூன்று சோதனைகளிலும் தேறிவிட்ட ஒரு கருவியிலிருந்து ஏறத்தாழ வெறும் அறைக்காற்று வந்துகொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கான்சன்ட்ரேட்டர் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கருவி ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றை உள்ளிழுத்து, கம்ப்ரஸரால் அழுத்தி, ஜியோலைட் என்னும் சிறு மணிகள் நிரம்பிய இரண்டு உருளைகளுக்குள் மாற்றி மாற்றி அனுப்புகிறது. அழுத்தம் ஏறும்போது அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் அவற்றைக் கடந்து வெளியே வருகிறது. சில நொடிகளில் அழுத்தம் இறங்கியதும், பிடித்த நைட்ரஜனை வெளியே விட்டுவிட்டு மணிகள் அடுத்த சுற்றுக்குத் தயாராகின்றன. கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சில நொடிக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று கேட்கும் ஓசை அதுதான். காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் ஏறத்தாழ 1 சதவீதம். ஆர்கானை இந்த மணிகளால் பிரிக்க முடியாது என்பதால் மிக நல்ல கருவிகூட 95, 96 சதவீதத்தைத் தாண்டாது. 93ஐ ஒட்டி நின்றால் அது நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். 82க்குக் கீழே இறங்கினால் கருவி எச்சரிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

தாங்கள் கவனிக்க வேண்டியது இதற்கடுத்து நடப்பதைத்தான். மணிகள் நைட்ரஜனைப் பிடிக்கத் தவறினால் காற்று வருவது நின்றுவிடாது. அதே வேகத்தில், அதே ஓசையோடு, நைட்ரஜனும் சேர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஃப்ளோ மீட்டரில் உள்ள பந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதை மட்டும் காட்டும். அந்த லிட்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்ல அதற்கு வழியில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை அந்தக் குழாயில் பொருத்தினாலும் பந்து எழும்பத்தான் செய்யும்.

என் தாய் வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டவரில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர். அந்தப் புகை தந்த நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியபோது, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஒரு நாளில் 16 மணி நேரம் ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். 5 லிட்டர் கருவி ஒன்று வீட்டுக்கு வந்தது. மார்கழியிலும் தையிலும் எந்தக் குறையும் இல்லை. விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 91, 92 என்று காட்டும். அந்த நோய்க்கு அதுவே போதுமான அளவு. சித்திரை பிறந்து கத்திரி தொடங்கிய பிறகு பிற்பகல்களில் அது 86 ஆனது, பிறகு 83 ஆனது. கருவி ஓடிக்கொண்டிருந்தது. பந்து 2இல் நின்றது. ஒலி எதுவும் இல்லை. முன்பக்கத்தில் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு இரண்டு நாட்களாக எரிந்துகொண்டிருந்தது. அது எதற்கென்று கருவியைக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து நெபுலைசர் வைத்தேன். குமிழைத் திருகி 3 லிட்டர், 4 லிட்டர் என்று கூட்டினேன். மூச்சு வாங்குவது குறையவில்லை.

மறுநாள் மாலை, எங்கள் மருத்துவமனைக்கு வழக்கமாக வரும் தொழில்நுட்பரைக் கூப்பிட்டு வீட்டுக்கு வரச் செய்தேன். கையில் அடங்கும் ஆக்சிஜன் அளவியைக் குழாயில் பொருத்தினார். 68 என்று காட்டியது. அறைச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் 42 டிகிரி. மின்சாரத்தை அளந்து பார்த்தால் 182 வோல்ட். கருவி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நின்றது. சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்காக நானே அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தியிருந்தேன். பின்பக்கத்து ஸ்பாஞ்ச் வடிகட்டி தூசியில் சாம்பல் நிறமாகியிருந்தது. அவர் சேலையை எடுத்தார், கருவியைச் சந்திலிருந்து வெளியே இழுத்துக் கதவோரம் வைத்தார், ஸ்பாஞ்சைக் கழுவி உலர்த்தி மாட்டினார், தன் ஸ்டெபிலைசரை இணைத்தார். அரை மணி நேரத்தில் அளவி 84 காட்டியது. இரவு பத்து மணிக்கு அறை குளிர்ந்த பிறகு 90. அதே கருவிதான், ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை.

அன்று அவர் விளக்கியவற்றையும், அதன் பிறகு நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றையும் தங்கள் முன் வைக்கிறேன். தங்கள் சுற்றறிக்கை இவற்றில் எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலாவது வெப்பம். ஜியோலைட் மணிகளின் பிடிப்பு வெப்பம் ஏற ஏறத் தளரும். அதோடு, சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் அதே கொள்ளளவில் ஏறக்குறைய 6 சதவீதம் காற்று குறைந்துவிடுகிறது. கம்ப்ரஸரும் சூடேறிச் சோர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட தொழில்நுட்ப வரையறை, செறிவூட்டி 40 டிகிரி வரையிலும் இடைவிடாமல் இயங்க வேண்டும் என்று கேட்கிறது. சந்தையில் உள்ள கருவிகள் பலவற்றின் கையேட்டிலும் 40 டிகிரிதான் மேல் எல்லை. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி போன்ற ஊர்களில் 40ஐத் தாண்டியது என்று ஒவ்வொரு மே மாதமும் செய்தி கேட்கிறோம். அது நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் எடுத்த அளவு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரே ஒரு ஜன்னல் உள்ள பத்தடி அறைக்குள் நிலைமை அதைவிட மோசம். மேலும், 5 லிட்டர் கருவி ஏறக்குறைய 350 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாக இறங்குகிறது. நோயாளியின் தலைமாட்டில் நாள் முழுவதும் ஒரு சிறிய ஹீட்டர் எரிகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். சந்துக்குள் தள்ளித் துணி போர்த்திவிட்டால் இன்னொரு கேடும் சேர்கிறது. கருவி தான் வெளியே விட்ட சூடான, நைட்ரஜன் மிகுந்த காற்றையே மறுபடி உள்ளிழுக்கிறது.

அடுத்தது மின்னழுத்தம். கருவிகள் 230 வோல்ட்டை எதிர்பார்க்கின்றன. பத்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் பெரும்பாலும் தாங்கும், அதாவது 207 வரை இறங்கலாம். எங்கள் கிராமங்களில் கோடைக் காலத்து மாலையில், மோட்டாரும் மின்விசிறியும் சேர்ந்து ஓடும் நேரத்தில், 180 வோல்ட் என்பது அரிதல்ல. மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த கணக்கு. 180 வோல்ட்டில் மிஞ்சுவது 61 சதவீதமே. போதிய அழுத்தம் ஏறாத உருளையில் மணிகள் நைட்ரஜனைச் சரியாகப் பிடிப்பதில்லை. திணறி ஓடும் மோட்டாரும் கூடுதலாகச் சூடேறுகிறது. அந்தச் சூடு மேலே சொன்ன சிக்கலை இன்னும் வளர்க்கிறது. மே மாதப் பிற்பகலில் வெப்பமும் லோ வோல்டேஜும் தூசியும் தனித்தனியே வருவதில்லை, சேர்ந்தே வருகின்றன. தங்கள் அலுவலகத்தின் குளிரூட்டிய அறையில், காலை பதினோரு மணிக்கு, இரண்டு நிமிடம் ஓட விட்டுப் பார்த்து ‘நன்று’ என்று கையெழுத்திடும் சோதனை அந்தப் பிற்பகலைப் பற்றி எதையும் சொல்லாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஈரம். வெப்பம் தணிந்தால் மணிகள் மீண்டு வரும். ஸ்டெபிலைசர் வைத்தால் மோட்டார் மீண்டு வரும். ஈரம் குடித்த மணிகள் அப்படி மீள்வதில்லை. ஜியோலைட்டுக்கு நைட்ரஜனைவிட நீராவியின் மேல் பற்று மிக அதிகம். ஒருமுறை தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் அழுத்தத்தை இறக்குவதால் மட்டும் அதை விடுவிக்க முடியாது. நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்றினால்தான் விடும், அதைச் செய்ய வீட்டிலும் வழியில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வழியில்லை. தினமும் ஓடும் கருவியில் காற்றோடு வரும் ஈரம் உருளையின் முன்பகுதியிலேயே தங்கி, ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டுவிடும். ஓடாமல் நிற்கும் கருவியில் அந்த ஈரம் மெல்ல மெல்ல உள்ளே பரவி எல்லா மணிகளையும் கெடுக்கிறது. பயன்படுத்தாவிட்டாலும் அவ்வப்போது சில மணி நேரம் ஓட விட வேண்டும் என்று கையேடுகள் சொல்வது இதற்காகத்தான். 2021இலிருந்து கிடங்கில் இருக்கும் கருவிகள் எத்தனை ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டன என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். உறை பிரிக்காத பெட்டி என்பதாலேயே அது புதிய கருவி ஆகிவிடாது.

இதை ஊகமாக எழுதவில்லை. நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் மருத்துவமனைக் கிடங்கில் இருந்த செறிவூட்டிகளை வார்டுக்கு எடுக்க வேண்டியிருந்தது. மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால், ஓதம் ஏறிய சுவரை ஒட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். மின்சாரம் கொடுத்ததும் ஓடியவை பதினொன்று. பதினொன்றிலும் பந்து எழும்பியது. ஒன்றுகூட அலறவில்லை. தொழில்நுட்பர் ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் முழு ஓட்டத்தில் ஓட விட்டு அளந்தார். நான் பக்கத்தில் நின்று எழுதினேன். 82ஐத் தாண்டியவை நான்கு. மற்றவை 40க்கும் 75க்கும் நடுவே இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று 23 காட்டியது. ஜன்னலைத் திறந்தால் வருவது 21. ஐந்து லிட்டர் என்று பந்து காட்ட, சுத்தமாகத் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டி வார்டுக்கு அனுப்பத் தயாராக இருந்த கருவி அது. தங்கள் மூன்று வரிச் சோதனையில் அது முதல் மதிப்பெண் வாங்கியிருக்கும்.

நோயாளிக்கு இதனால் என்ன ஆகிறது என்பதை எண்ணாகவே சொல்கிறேன். மூக்குக் குழாய் வழியே 2 லிட்டர் நல்ல ஆக்சிஜன் கொடுத்தால் உள்ளே போகும் மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் 21இலிருந்து சுமார் 28 சதவீதமாக உயரும் என்பது நாங்கள் பயிற்சியில் படித்த தோராயக் கணக்கு. அதே 2 லிட்டரில் 50 சதவீதம்தான் ஆக்சிஜன் என்றால், 28 வர வேண்டிய இடத்தில் 24கூட வராது. மருந்துச் சீட்டில் 2 லிட்டர் என்று இருக்கும், வீட்டில் பந்தும் 2இல் நிற்கும், நோயாளி மட்டும் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். வீட்டு ஆக்சிஜன் என்பது ஆறுதலுக்காக வைக்கும் பொருளன்று. 1981இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், நாளுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் பெற்ற 42 நோயாளிகளில் ஐந்தாண்டுக்குள் இறந்தவர்கள் 19 பேர்; பெறாத 45 பேரில் இறந்தவர்கள் 30 பேர். வீட்டு ஆக்சிஜன் இன்று எழுதிக் கொடுக்கப்படுவதே இத்தகைய சான்றுகளை நம்பித்தான். கருவி ஓடியும் ஆக்சிஜன் கிடைக்காதவர் அந்த 45 பேரின் வரிசையில் நிற்கிறார், அது அவருக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. அதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. கல்குவாரியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு பெரியவர் எங்கள் வார்டுக்கு அடிக்கடி வருவார். அவர் வீட்டில் இருந்த கருவி மெல்ல மெல்ல வலுவிழந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் மனைவி, கணவர் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துப் பார்த்து, 2இல் இருந்த குமிழை 5 வரை கூட்டி வைத்துப் பழகிவிட்டார். ஒரு நாள் பழைய கருவியை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார்கள். அது நல்ல கருவி. குமிழ் 5இலேயே இருந்தது. மறுநாள் காலை பெரியவரை எழுப்ப முடியவில்லை. இத்தகைய நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் இரத்தத்தில் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் தள்ளிவிடும் என்பதால்தான் ஆக்சிமீட்டரில் 88இலிருந்து 92 என்ற எல்லைக்குள் அவர்களை வைத்திருக்கப் பார்க்கிறோம். இரண்டு நாள் முகமூடி வழி செயற்கைச் சுவாசம் கொடுத்து அவரை மீட்டோம். அந்த அம்மாள் என்னிடம், “பழைய மெஷினுக்கு அஞ்சு வச்சாத்தானம்மா அவருக்குத் தாங்குச்சு” என்று சொல்லி அழுதார். அவர் செய்ததில் தவறு எதுவும் இல்லை. கருவியின் செறிவை ஒருவரும் அளக்காததால், வலுவிழந்த கருவிக்கு ஏற்ப அவர் தன் கையால் ஒரு மருந்தளவை உண்டாக்கிக்கொள்ள வேண்டி வந்தது.

2021இன் நெருக்கடியில் வந்து சேர்ந்த கருவிகளில் இன்னொரு வகையும் கலந்திருக்கிறது. பெட்டியின் மேல் ‘1 முதல் 7 லிட்டர்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கையேட்டின் உள்பக்கத்தில், 1 லிட்டரில் 90 சதவீதம், 7 லிட்டரில் 30 சதவீதம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். இவை பழுதான கருவிகள் அல்ல. தொடக்கத்திலிருந்தே நோயாளிக்கு ஆனவை அல்ல. இவற்றையும் ‘செறிவூட்டி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இருப்புப் பதிவேட்டில் ஏற்றியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மலைக்கிராமங்களுக்கு அனுப்பும் கருவிகள் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை 2,000 மீட்டர் உயரம் வரை பேசுகிறது; உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் மலை ஊர்கள் அவ்வளவு உயரத்தில் இல்லை என்றாலும் 1,000 மீட்டரிலேயே காற்றழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. சமவெளியில் 82ஐத் தொட்டுத் தேறிய கருவி மேலே போனதும் தேறும் என்பதற்கு உறுதியில்லை.

கருவியிலேயே சென்சார் இருக்கிறதே, குறைந்தால் அதுவே சொல்லாதா என்று தாங்கள் கேட்கலாம். எல்லாக் கருவிகளிலும் ஆக்சிஜன் சென்சார் இல்லை. மின்சாரம் போனாலோ அழுத்தம் விழுந்தாலோ மட்டும் ஒலிப்பவை பல. சென்சார் உள்ள கருவியிலும் அது விளக்காக மட்டும் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 29 ஆண்டு அனுபவமுள்ள செவிலியரின் வீடே சாட்சி. செலவு மிச்சம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பாப்புவா நியூகினியில் ஐந்து மருத்துவமனைகளில் செறிவூட்டிகளை வைத்து நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நிமோனியாவால் குழந்தைகள் இறப்பது 4.97 சதவீதத்திலிருந்து 3.22 ஆகக் குறைந்தது. அங்கே கருவியை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவில்லை. ஆக்சிமீட்டரும், பயிற்சியும், பராமரிப்பும் சேர்ந்து போயின. நாம் பராமரிப்பை நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் அனுப்புகிறோம். அதோடு சிலிண்டரையும் எடுத்துக்கொள்கிறோம். மின்சாரம் போகும் இரவில், அல்லது கருவி கைவிடும் பிற்பகலில், அந்த நிலையத்தில் பணியில் இருக்கும் செவிலியர் நோயாளிக்கு எதைக் கொடுப்பார்?

ஆகவே பின்வருவனவற்றைத் தாங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுற்றறிக்கையில் உள்ள மூன்று வரிச் சோதனையை உடனடியாகத் திரும்பப் பெறுங்கள். கிடங்கிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கருவியையும் அதன் முழு ஓட்டத்தில் அரை மணி நேரம் ஓட விட்டு, ஆக்சிஜன் அளவியால் அளந்து, அளந்த தேதி, செறிவு, அறை வெப்பம், மின்னழுத்தம் ஆகிய நான்கையும் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள். 82க்குக் கீழ் உள்ளவை போகக் கூடாது. அவற்றின் உருளைகளை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள், முடியாதவற்றைப் பதிவேட்டிலிருந்தே நீக்குங்கள். ஓட்டம் கூடும்போது 30, 40 சதவீதத்துக்கு இறங்கும் வகைக் கருவிகளைத் தனியே பிரித்து, நோயாளிகளுக்குத் தருவதில்லை என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கும் முறையை மீண்டும் தொடங்குங்கள். அதில் ஓர் அளவீடு கோடையில், பிற்பகலில், கருவி இருக்கும் அறையிலேயே எடுப்பதாக இருக்கட்டும். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், வட்டாரத்துக்கு ஓர் அளவி வாங்கிக் கொடுங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறிய கருவி அது. எங்கள் செவிலியர்கள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். அளவு தேறாத கருவியை ஏற்க மறுக்கும் அதிகாரத்தையும் அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.

ஒவ்வொரு கருவியோடும் ஒரு ஸ்டெபிலைசரும், மாற்று வடிகட்டிகளும், தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் போக வேண்டும். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும், மேலே துணி போடக் கூடாது, ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை கழுவி நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும், மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கு செய்திகள் பெரிய எழுத்தில் அதில் இருந்தால் போதும். கருவியை மாற்றிக் கொடுக்கும் நாளில் ஒரு செவிலியர் உடன் சென்று, ஆக்சிமீட்டரைப் பார்த்து, ஓட்டத்தை மருந்துச் சீட்டில் உள்ள அளவுக்குத் திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும்.

சிலிண்டர்களைத் திரும்பப் பெறும் உத்தரவை நிறுத்தி வையுங்கள். செறிவூட்டி இருக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் நிரப்பிய சிலிண்டர் ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும். கிடங்கில் மிஞ்சும் கருவிகளை ஓதம் இல்லாத அறைக்கு மாற்றி, மாதம் ஒருமுறையாவது சில மணி நேரம் ஓட விடும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட பணியாளரிடம் ஒப்படையுங்கள். இனி வாங்கும் கருவிகளுக்கு, 40 டிகிரி வெப்பத்திலும் 95 சதவீத ஈரப்பதத்திலும் முழு ஓட்டத்தில் 82க்குக் குறையாத செறிவையும், ஒலியெழுப்பும் ஆக்சிஜன் சென்சாரையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக வையுங்கள்.

கத்திரி மே 4ஆம் தேதி தொடங்குகிறது. சுற்றறிக்கை வந்த பிறகு எங்கள் வட்டாரத்தில் மட்டும் ஒன்பது வீடுகளுக்குக் கருவி போயிருக்கிறது. அந்த ஒன்பது வீடுகளுக்கும் இந்த வாரமே அளவியோடு ஒருவரை அனுப்புங்கள். அந்த வீடுகளில் ஆறு எனக்குத் தெரிந்தவை. வருபவருக்கு வழி காட்ட நான் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்